தனித்தேர்வர்

வேலைக்குச் சேர்ந்த அன்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு செட் கொடுத்தார்கள்.
சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட்,
நெஞ்சில் பச்சை நூலில் பள்ளியின் பெயர்.
என் பெயருக்கு இடமில்லை.
அறுநூறு ரூபாயை மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
அதுவரை நான் பேண்ட் போட்டவளில்லை.
கேத்தி பஸ் நிறுத்தத்தில், முதல் நாள்,
சால்வையை முழங்கால்வரை இழுத்துவிட்டு நின்றேன்.

சலவை அறையில் வேலை.
விடுதியில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
ஒவ்வொரு காலரிலும் சிவப்பு நூலில் ஓர் எண்.
முகம் தெரியாது, அழுக்கு தெரியும்.
118 மை கொட்டுவான்.
36 மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பான்.
207-இன் பையில் எப்போதும் காகிதம்.

திங்கட்கிழமை மைக்கில் முதல்வர் பேசுவது
ஆவி படிந்த ஜன்னல் வழியாக வரும்.
சீருடைக்குள் எல்லோரும் சமம் என்பார்.
பிள்ளைகள் துணிக்கு ஒரு மெஷின்,
எங்கள் துணிக்கு மூலையில் இன்னொன்று.
கலக்கக் கூடாது, மேட்ரன் உத்தரவு.

ஒருநாள் 207-இன் காகிதம் கணக்காக இருந்தது.
ஈரமாவதற்குள் எடுத்துப் பார்த்தேன்.
மூன்றாவது வரியில்
ஒரு கழித்தல் குறி காணாமல் போயிருந்தது,
அங்கிருந்து கடைசிவரை எல்லாமே தப்பு.

நான் ஒன்பதாவதோடு நின்றவள்.
கொளப்பள்ளி லைன் வீட்டிலிருந்து பள்ளி ஆறு கிலோமீட்டர்.
வழியில் யானை நின்றால் அன்று லீவு.
பிறகு அப்பாவுக்குக் கால் போனது, எனக்குக் கொழுந்துக்கூடை வந்தது.
இருபது வருஷம்.
ஆனாலும் அந்தக் குறி
சோற்றில் கல்போலப் பட்டுவிட்டது.

பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு
இஸ்திரி போட்ட பையில் திரும்ப வைத்தேன்.
அடுத்த வாரம் அந்தப் பை காலி.
அதற்கடுத்த வாரமும்.
அதற்குப் பிறகுதான்
தனித்தேர்வருக்கு எங்கே மனு போடுவது என்று விசாரித்தேன்.

போட்டோ சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தது,
அதிலும் சாம்பல் சட்டைதான்.
ஹால் டிக்கெட்டில் எனக்கும் ஓர் எண் வந்தது,
கீழே பெயரும்: தவச்செல்வி, ம.

கணக்குத் தேர்வன்று விடியலில் ஒரு ஷிப்ட் முடித்து
குன்னூர் அரசுப் பள்ளிக்கு ஓடினேன்.
மேலே மகளின் ஸ்வெட்டர்,
மலைப் பிள்ளைகளுக்கு அரசு கொடுப்பது,
அவளுக்கு இரண்டு அளவு பெரிது.
கழற்றி மடித்து வாசலில் வைத்துவிட்டு
உள்ளே நுழைந்தேன்.
"ஏம்மா, கடைசி வரிசையை யார் துடைப்பா?
எத்தனை தடவை சொல்றது" என்றார்
கண்காணிப்பாளர்.
பனி இறங்கி பெஞ்செல்லாம் ஈரம்.
துடைத்தேன்.
ஐந்து பெஞ்சு.
ஐந்தாவதில் என் எண்ணை ஒட்டியிருந்தார்கள்.
உட்கார்ந்தேன்.

வருகைத்தாளோடு வந்தவர்
போட்டோவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்,
கையிலிருந்த துணியைப் பார்த்தார்.
கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிய விரல்
கொஞ்சம் நடுங்கியது.

மன்னிப்புக் கேட்டாரா என்றாள் லூர்துமேரி.
இல்லை.
கேட்டிருந்தால் அதற்கும் நேரம் போயிருக்கும்.
மூன்று மணி நேரம்தான் தருகிறார்கள்,
இருபது வருஷத்துக்கு.

ஒவ்வொரு வரிக்கும் திரும்பிப் போய்க் குறியைப் பார்த்தேன்.
எட்டு மார்க் கேள்வி ஒன்று விட்டுப்போனது.
வரைபடத்தில் பென்சில் முனை உடைந்தது,
முன்பெஞ்சுப் பையன்,
மீசை முளைக்காதவன்,
திரும்பாமலே ஒன்று நீட்டினான்.

இரண்டு மணிக்குச் சலவை அறையில் இருந்தேன்.
இன்று எங்கள் துணி போடும் நாள்.
என் சட்டையின் கைமுனையில் மை,
118 கொட்டுவது மாதிரியே.
எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் போய்விடும்,
எனக்குத் தெரியாததா.
மூலை மெஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது.
சட்டையை இன்னும் போடவில்லை.