நான்கு இலக்கம்

மில்வாக்கியில் அந்த ஜூன் மாதம்
பாலத்தின் மேல் நின்று நாங்கள் கேட்டது நிறைய.
கிடைத்தது
இரண்டு விரற்கடை உயரத்தில் ஓர் எண்.

போலீஸ்காரர் மார்பில், வெள்ளை நூலில் தைத்த எண்.
முன்பு அது தகட்டில் இருந்தது, எறும்பு எழுத்தில்.
லெமுவெலைச் சுட்டபோது ஆறு பேர் நின்றார்கள்.
விசாரணையில்
ஆறு பேரும் வேறு யாரோ என்றார்கள்.

"மலையைக் கெல்லி எலியைப் பிடித்திருக்கிறாய்"
என்றான் என் அண்ணன் ஆர்லோ.
என் இடது கண்ணையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்
அவன் சொன்னது சரி.
ரப்பர் குண்டு என்று பெயர். உள்ளே இரும்பு.
பேருந்து ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
இப்போது பணிமனையில்
தவறவிட்ட குடைகளுக்குச் சீட்டு எழுதுகிறேன்.

போன வியாழன் இரவு, கேப்பிட்டல் டிரைவில்
பின்னால் நீலமும் சிவப்பும்.
ஓட்டியது என் மகன் ஆமோஸ். பத்தொன்பது வயது.
என் மடியில் வறுத்த மீன் பொட்டலம்.
ஸ்டியரிங் மேல் அவன் கைகள்,
பத்து விரலையும் எண்ணிக்கொள் என்பதுபோல.

டார்ச் வெளிச்சம்.
இடுப்பில் ஒரு கை.
"எங்கிருந்து வருகிறாய்?"

என் ஒற்றைக் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை.
மார்புக்குப் போனது.
வாய் தானாகப் படித்தது:
நான்கு. ஏழு. ஒன்று. ஒன்பது.
சத்தமாகக்கூட இல்லை,
குடைக்கு எண் போடும்போது முணுமுணுப்பேனே, அப்படி.

அவன் காதில் விழுந்தது.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.
இடுப்பிலிருந்த கை குறிப்பேட்டுக்கு நகர்ந்தது.
"பின்விளக்கு ஒன்று எரியவில்லை. மாற்றிவிடு."

அவ்வளவுதான்.
ஒன்றும் நடக்கவில்லை.
செய்தியில் வராது.
மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம்.
சலவைக்கடைச் சுவரில் ஆமோஸின் முகத்தை
யாரும் வரைய வேண்டாம்.
இந்த ஒன்றும் நடக்காததற்குத்தான்
பாலத்தில் பதினேழு இரவுகள்.

எலி சிறியதுதான், ஆர்லோ.
வலையைக் கடிக்கிறது.

ஆனாலும்
அவன் தயங்கியது அந்த எண்ணுக்காகவா,
நான் பேருந்துக் கழகச் சட்டையில் இருந்ததாலா,
இல்லை, அவன் நல்லவன்தானா,
எனக்குத் தெரியாது.
லெமுவெலின் அம்மா ஓப்பல்
நீதிமன்றக் கடிதங்களைப் பிரிக்காமல்
ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருக்கிறாள்.
அவளிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.

வீட்டு வாசலில் ஆமோஸ்
சாவித் துளையைத் தேடிக்கொண்டே இருந்தான்.
நான் அவசரப்படுத்தவில்லை.
மீன் ஆறிப்போயிருந்தது. தின்றோம்.