அணையைத் தாண்டிய வாளி

வாலோரத்தில் நகக்கண் அளவு.
வெட்டி, எத்தனோல் குப்பியில் போட்டு,
எண் எழுதி, மீனைத் திரும்ப விட்டேன்.
"கவ்வாத்துதானே மிஸ்" என்றார் சந்தியாகு,
நாலாம் நம்பர் மலையில் இருபது வருஷம்
தேயிலைத் தூருக்குக் கத்தி பிடித்தவர்.
"ஆமாம், சீக்கிரமே துளிர்த்துவிடும்" என்றேன்.
அட்டை கடித்த கணுக்காலில்
சவர்க்காரம் தேய்த்தபடியே
அடுத்த மீனை நீட்டினார்.

கல்லொட்டி.
கீழுதட்டால் பாறையைப் பிடித்துக்கொண்டு
ஆற்றைத் தன்மேல் ஓடவிட்டு நிற்கும்.
விரல் நீளம். விலை போகாது.
பொரித்தால் முள்தான் என்று
லயத்துப் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள்.
மின்சாரக் கம்பெனியின் அறிக்கையில்
அதன் பெயர் இல்லை.

மூன்று இடத்தில் பிடித்தோம்:
அணைக்குக் கீழே,
அணைக்கு மேலே தேங்கிய நீரில்,
அதற்கும் மேலே, டர்பன்டைன் காடு முடிகிற இடத்தில்,
அருவி விழத் தொடங்கும் குளத்தில்.

பேராதனையில் மூன்று மாதம்.
ஒரு ராத்திரி கரண்ட் போய்
குப்பிப் பெட்டியை ஐஸ்கிரீம் கடைக்காரரின்
ஃப்ரீசரில் படுக்க வைத்தேன்.
கடைசியில் திரையில் வந்தவை
கோடுகளும் முகடுகளும்,
நோர்வூட் பஸ் ஜன்னலில் தெரிகிற மாதிரியே.

அணைக்குக் கீழ் மீன்கள்
ஒரே சொல்லை ஒன்பது விதமாய் எழுதுகின்றன.
மேலே மிச்சம் இரண்டு விதம்.
பதினாறு வருஷம் அந்தக் குட்டைக்குள்
அத்தை மகனும் மாமன் மகளுமாய்க் கட்டிக் கட்டி
இப்போது எல்லாரும் எல்லாருக்கும் உடன்பிறப்பு.
ஒரு காய்ச்சல் வந்தால் போதும்,
குட்டை முழுக்க ஒரே வீட்டுச் சாவு.

அருவிக்கு மேலேயோ எழுத்தே வேறு.
தேயிலைக்கு முன், கோப்பிக்கு முன்,
இந்த மலையில் ஆள் தடம் பதியுமுன்
பிரிந்தவை அவை.
கல்லை விடாத அந்த உதட்டாலும்
அந்த அருவியை ஏற முடியவில்லை.
அதே மீசை, அதே புள்ளி.
அணைப் பிரிவைத் தைக்கலாம்.
அருவிப் பிரிவில் கை வைக்கக்கூடாது.

போன வருஷம், நல்ல மனசோடுதான்,
கீழிருந்து முந்நூறு மீனைக் கொண்டுபோய்
அருவிக் குளத்தில் விட ஏற்பாடு நடந்தது.
பந்தலுக்குக்கூட விலை பேசிவிட்டார்கள்.
நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.
பந்தலும் வரவில்லை.
அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் அணைச் சுவரில் உட்கார்ந்து
சந்தியாகுவிடம் சொன்னபோது
ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டார்:
"எங்க பெரியப்பா குடும்பம் எழுபத்திரண்டுல
கோத்தகிரிக்குக் கப்பலேறுனாங்க.
அது அருவியா மிஸ், அணையா?"
அந்தக் கேள்விக்கு என்னிடம் குப்பி இல்லை.
அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
வாளியைக் கழுவ எழுந்துவிட்டார்.

இன்று பன்னிரண்டு மீன்.
பெண் ஏழு, ஆண் ஐந்து.
கீழிருந்து மேலே மட்டும்.
விழுவதற்கு எப்போதும் வழி இருக்கிறது,
ஏறத்தான் இல்லை.
கேட்டில் பந்துசேன பதிவேட்டைத் திறந்தார்.
பொருள்? மீன், உயிரோடு.
வாகன இலக்கம்?
சந்தியாகு வாளியைக் காட்டினார்.
பந்துசேன யோசித்து, "நீலம்" என்று எழுதினார்.

மீன் ஏணிக்குப் போட்ட கோப்பு
எந்த மேசையில் உறங்குகிறதோ.
அது விழிக்கும்வரை வருஷா வருஷம்
இரண்டு ஆளும் ஒரு வாளியும்தான்
இந்த இடத்தில் ஆறு.

மெல்லச் சரித்தோம்.
பதினொன்று போய்விட்டன,
தண்ணீர் கலங்கக்கூட இல்லை.
ஒன்று மட்டும் வாளிச் சுவரில்
உதட்டை ஒட்டிக்கொண்டு
பிளாஸ்டிக்கைப் பாறை என்று நம்பி நிற்கிறது.
கை வைக்கப் போனேன்.
"பிடுங்காதீங்க மிஸ்" என்றார்.
மழை வரும் போலிருக்கிறது.
வாளியைச் சாய்த்தபடியே
நிற்கிறோம்.