அரை அடி

கை நீட்டாத சர்வேயரம்மா என்று
நாங்குநேரி தாலுகாவில் எனக்கொரு பேர் இருந்தது.
கடைசி இரண்டு வருஷம் வலது கை
தானாகவே நீண்டது, நீண்டு ஆடியது.
ஏர்வாடிக்காரர் ஒருவர் பதறிப்போய்
ஐந்நூறு ரூபாயை மடித்து அதில் வைத்தார்.
'அண்ணாச்சி, இது வியாதி' என்றேன்.
'எல்லா ஆபீசுலயும் இருக்கதுதானம்மா' என்றார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு
வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரி நாலாம் மாடியில்
என் மண்டையை அளக்கப் போகிறார்கள்.
இரும்புச் சட்டத்தை நாலு திருகாணி போட்டு முடுக்கி
நீளம் அகலம் ஆழம் குறித்து
இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை,
உள்ளே கம்பி,
நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி.
எனக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை.
இடம் பிடித்துக் கல் நடுகிற வேலைதான்.
என்ன, இந்தத் தடவை நான் நிலம்.

ஆக்கிரமிப்பாளர் பெயர் பார்க்கின்சன்.
பட்டா கிடையாது.
ஏழு வருஷமாக வேளை தவறாமல்
மாத்திரையில் நோட்டீஸ் அனுப்பியும் காலி பண்ணவில்லை.

மொட்டை போட வந்த பையன் கேட்டான்,
'திருச்செந்தூரா, பழனியா?'
'நாலாம் மாடி.'
'அசையாதியம்மா' என்றவன்
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
நான் சிரித்தேன். அவனுக்குத் தெரிந்திருக்காது.
இப்போதெல்லாம் எனக்குத் தாசில்தார் முகம்:
உள்ளே போனது எதுவும்
கையெழுத்தாகி வெளியே வர மூன்று மாசம்.

என் வீட்டுக்காரர் நம்பிராஜன்
குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுதார்.
'தாமிரபரணித் தண்ணியா வீணாப் போவுது,
அடச்சிட்டு அழுங்க' என்று கதவைத் தட்டினேன்.
அடைத்தார். அதற்குப் பிறகு
சத்தமே இல்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார்.
ஸ்கேன் படத்தில் பயறு போல ஓர் இடத்தைத் தொட்டார்.
'எவ்வளவு பிசகலாம்?'
'ஒரு மில்லிமீட்டரே அதிகம்மா.'
படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, பைய,
'நான் பரப்பாடி கசமுத்து மகன்.
தொண்ணூத்தெட்டுல எங்க கிணத்து மேட்ட அளந்திய.
அரை அடி போச்சுன்னு
அப்பா இன்னும் ஒங்கள வையாத நாளில்ல' என்றார்.

கட்டில் கொஞ்சம் ஆடியது.
வியாதியால் அல்ல.
மோட்டார் ரூம் சுவரில் உட்கார்ந்து
சங்கிலியைத் தொட்டுப் பார்க்கணும் என்று
அழுத பையன் ஒருவன் ஞாபகம் வந்தான்.
'தம்பி, கல்லு நின்ன எடம் சரி.
ஒங்கப்பாதான் வரப்ப வெட்டிட்டு உழுதிருந்தாரு.'
'தெரியும்மா. படிச்சு முடிச்சு வந்து நானே அளந்தேன்.
ஏழு இஞ்சு உழுதிருக்காரு.
ஒரு இஞ்சு எங்களுக்கு லாபம்.'

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.
எனக்கு ராத்திரி பதினொன்றரை ஆகியும் தூக்கமில்லை.
நேர்மை, நேர்மை என்று அளந்த கையில்
ஒரு இஞ்சு பிசகியிருக்கிறது.
அவர் கைக்கு ஒரு மில்லிமீட்டர்.

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.
கட்டில் கால் டக்கு டக்கென்று தரையைத் தட்டுகிறது.
என்ன வேணும் என்று
கீழ்மாடியிலிருந்து நர்ஸ் ஏறி வந்தாள்.
பயமாயிருக்கா என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்டாலும் என்ன,
முகத்தைப் பார்த்து ஏமாந்திருப்பாள்.

நாளைக்கு விழித்தே கிடக்கணுமாம்.
கம்பி இறங்கும்போது
கையை நீட்டுங்க என்பார்களாம்.
நீட்டுவேன்.
சர்வீசில் இல்லாத வழக்கம்.
ஆட்டம் நின்றுவிட்டால்,
அந்த ஒரு இஞ்சைக் கசமுத்தே
வைத்துக்கொள்ளட்டும்.