சுற்றெழுத்து

ஓர் அங்குலத் துணியில் எத்தனை இழை என்று
எண்ணுகிற மடக்குக் கண்ணாடி இது.
பகலில் கம்பெனிக்கு.
ஹாம்பர்க் போகும் மேசைவிரிப்பில்
ஊடை இரண்டு குறைந்தாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன்.
ராத்திரி பத்துக்கு மேல்
அதே கண்ணாடியை
செத்துப்போன ஒரு ராஜாவின் காதருகே வைக்கிறேன்.

காது இருந்தால் நல்லது.
காதுக்குப் பின்னே முத்துப் பட்டையின்
இரண்டு முனை தொங்கினால் இன்னும் நல்லது:
நாலாம் நூற்றாண்டுக்கு இந்தப் பக்கம் என்று
நோட்டில் பென்சிலால் குறிக்கலாம்.
மூக்கை மட்டும் நம்பக் கூடாது.
ஆற்று மணல் முதலில் தின்பது மூக்கைத்தான்.

திருமாநிலையூர்ப் பாலத்தடியில்
மணல் சலிக்கிறார் சென்னிமலையப்பன்.
பவுன் தூளுக்குப் போட்ட சல்லடையில்
ஆணி, சோடா மூடி, மூக்குத்தித் திருகு,
நடுவே செம்பாய் ஒரு பொட்டு.
"இதென்னங்க, சட்டைப் பொத்தானாட்டம் இருக்குது,
இதுக்குப் போயி அம்பது ரூவா குடுக்கறீங்க"
என்பார். அடுத்த வாரம்
அறுபது கேட்பார்.

முதல் வருசம் புளி போட்டுத் தேய்த்துப்
பன்னிரண்டு காசுகளைக் கொன்றேன்.
பூசை விளக்காய் மின்னின.
ஒன்றிலும் ஆளில்லை.
இப்போது பேட்டரிக் கடைத் தண்ணீரில்
மாசக்கணக்கில் ஊறவைத்து
வேலாம் முள்ளால் மண்ணைக் கிள்ளுகிறேன்.
"தயிர்ப் போசியில மறுபடியும் காசுங்களா?"
பூங்கொடிக்கு நான் சொன்ன ராஜாக்களில்
ஒருவன் பெயரும் நினைவில்லை,
எந்தப் போசி என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மாசியில் ஒன்று வந்தது.
தலை வலப்பக்கம் பார்க்கிறது, சரி.
பின்னால் ஈட்டியோடு ஒருவன், அதுவும் சரி.
சுற்றெழுத்துத்தான் வழிக்கு வரவில்லை.
குச்சி, குச்சி, வட்டம்,
கவிழ்ந்த கொக்கி, மறுபடி குச்சி.
ஆர்க்கேடியஸா? இல்லை.
ஹொனோரியஸா? அதற்கு இடம் போதாது.
மூன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன்.
ஜவகர் பஜார் நகைக்கடைத் தராசில் வைத்தால்
ஒரு கிராமுக்கும் கீழே.
எவனோ போன வருசம்
கோயமுத்தூர்ப் பட்டறையில் வார்த்தது என்று
கழித்த டப்பாவில் போட்டேன்.
சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசு.

பங்குனியில் செல்லாண்டிபாளையத்துத் தறியிலிருந்து
நானூறு துண்டு வந்து இறங்கியது.
கரையில் வாங்குகிறவன் பெயரை நெய்ய வேண்டும்.
நெய்திருந்தது.
மூன்றாம் எழுத்து முதுகைக் காட்டி நின்றது,
ஐந்தாவது இரண்டு தரம்.
தறிக்காரர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டேன்.
தாளை வாங்கிப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்,
"எழுத்துங்களா இது?
பூவுன்னு நெனைச்சு ஓட்டிப்போட்டனுங்க."

அன்று ராத்திரி
கழித்த டப்பாவைக் கவிழ்த்தேன்.

அப்படியும் இருக்கலாம்.
வருகிற காசு நின்றுபோயிருக்கும்.
உப்புக்குச் சில்லறை தட்டியிருக்கும்.
இதே ஆற்றங்கரையில் யாரோ ஒருத்தன்
தேய்ந்த காசொன்றை எதிரே வைத்து
அச்சு வெட்டியிருப்பான்.
தலை அவனுக்குத் தெரிந்தது.
சுற்றியிருந்தது பூ.
ஈட்டிக்காரனின் முழங்காலை
மூலத்தில் இருப்பதைவிட நன்றாக மடக்கியிருக்கிறான்,
கண்ணாடியில் இப்போதுதான் பார்க்கிறேன்.
சந்தையில் இதை நீட்டியவனைத் தடுத்து
எழுத்துக் கூட்டிப் படிக்க
அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.
உப்புக் கொடுத்திருப்பார்கள்.

காகித உறையில் ராஜா பெயர் எழுதும் இடத்தில்
கரூர் என்று எழுதினேன்.
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
அதை அழித்தேன். மறுநாள் திரும்பப் போட்டேன்.

நானூறு துண்டுக்கும் சிவப்பு ஒட்டியது நான்தான்.
பொன்னுரங்கம் வாயே திறக்கவில்லை,
வண்டியில் ஏற்றும்போது
கட்டை மட்டும் ஒரு தரம் தட்டிக்கொடுத்தார்.
ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டேன்.
தண்ணீரிலிருந்து எடுக்கிற காசுகள்
இப்போது அதன்மேல்தான் காய்கின்றன.