கூடுதலாக ஒரு டன்

பதினைந்தாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் என்று
கேட்பவர்களிடம் சொல்லிவைப்பேன்.
உருண்டையின்மேல் நூல் பிடித்தவர்களின் கணக்கு அது.
சாங்கிக்கும் நியூயார்க்குக்கும் நடுவே
நேற்றைய தூரம் இன்றைக்கு இல்லை.
ஜப்பானைத் தாண்டியதும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளினால்
பதினேழரை மணி நேரம்.
தள்ளாவிட்டால் பத்தொன்பதை நெருங்கும்.

ஜன்னல் இல்லாத இந்த மூன்றாம் மாடியில்
தூரத்தை நாங்கள் டன்னில் அளப்போம்.
நூற்றுச் சொச்சம் டன் எரிபொருள்.
அதில் ஒரு பங்கு
மிச்சத்தைச் சுமப்பதற்கென்றே எரிந்துபோகும்.
ஒரு டன் கூட்டி அனுப்பினால்
போய்ச் சேரும்போது முக்கால்கூடத் தங்காது.

இன்றிரவு நூற்று ஐம்பத்தெட்டுப் பேர்.
பெயர்கள் என் திரைக்கு வருவதில்லை,
ஆளுக்கு இத்தனை கிலோ என்று ஒரே எண்தான்.
அவர்களில் ஒருத்தி என் தங்கை குமுதா.
அப்பாவின் பிடோக் வீட்டை விற்ற காசும்
அதில் யாருக்கு எவ்வளவு என்பதும்
அவள் சொன்னதும்
அதற்கு நான் சொன்னதும்
எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து கிலோ,
கைப்பை உட்பட.

வழியில் இறங்க நேர்ந்தால் என்று
நரிட்டா குறிக்கிறேன், ஆங்கரேஜ் குறிக்கிறேன்.
நடுவில் ஓர் இடம் இல்லாத திட்டம்
கையெழுத்துக்குப் போகாது.
போன ஞாயிறு, பதினோராம் மாடி லிஃப்ட் வாசலில்,
எங்கள் இருவருக்கும் அப்படி ஒன்று தோன்றவில்லை.

கேப்டன் சியூ ஃபோனில் கேட்கிறார்:
இந்த ஒரு டன் எதற்கு?
வானிலை தெளிவாகத்தானே இருக்கிறது?
அங்கே விடிகாலையில் மூடுபனி வரலாம் என்கிறேன்.
வரலாம்தான். பொய் இல்லை.
அவர் கொஞ்சம் யோசித்து, சரி என்கிறார்.
அந்த ஒரு டன்னில் அங்கே மிஞ்சுவது
வானத்தில் வட்டமடிக்க ஆறேழு நிமிடம்.
வழியனுப்பக் கீழே போகாதவள்
வேறு என்ன கொடுத்தனுப்ப முடியும்?

பதினொன்று நாற்பதுக்குப் பச்சைப் புள்ளி நகர்ந்தது.

காலையில் கோப்பி ஓ, கயா ரொட்டி.
வீடு பன்னிரண்டு கிலோமீட்டர்.
பேருந்தில் ஐம்பது நிமிடம்,
காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்.
இந்நேரம் அவள் தேதிக் கோட்டைத் தாண்டியிருப்பாள்.
அவளுடைய வெள்ளி நண்பகல்
சட்டென்று வியாழன் ஆகியிருக்கும்.
திரும்பக் கிடைப்பது ஒரே ஒரு நாள்.
எங்களுக்கு நான்கு வேண்டும்.

மாலை ஆறேகாலுக்கு இறங்குவாள்.
அங்கே காலை ஆறேகால்.
இந்த மாதங்களில் இரண்டு ஊருக்கும்
முள் நிற்கும் இடம் ஒன்றுதான்.
நவம்பரில் அதுவும் ஒரு மணி நேரம் விலகிவிடும்.

திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறேன்.
அலாரம் ஆறு மணிக்கு.