கொழும்பு இரண்டு, பதினேழாம் மாடி

கொம்பனித்தெருவில், பேர வாவியைப் பார்த்த பக்கம்,
மத்தியானம் ஒன்றேகாலுக்குத்
தானாக வெடித்தது கண்ணாடி.
காற்றில்லை. மழையில்லை.
ஒரு காகம்கூட மோதவில்லை.
கீழே நின்ற முச்சக்கரவண்டியின் கூரையில்
கற்கண்டு கொட்டிய சத்தம்.

காலையில் அதைத் துடைத்தவன்
முகத்துவாரத்து நோபேட்.
கயிற்றில் தொங்கிய வாளி பட்டிருக்கும் என்றார்கள்.
பட்டிருக்கும் என்பது
பின்னேரத் தேத்தண்ணிக்குள்
பட்டது என்றாகிவிட்டது.
பதினெட்டு மாதச் சம்பளக் கழிவு,
அவனுக்கு வாசிக்க வராத ஆங்கிலத்தில் கடிதம்,
கையொப்பமிட ஒரு புள்ளிக்கோடு.

நான் காப்புறுதிக்காரி.
உடைந்ததைப் பார்த்து விலை சொல்வது என் வேலை,
உடைத்தது யாரென்று சொல்வதல்ல.
ஆனால் வெயிலுக்கு ஒட்டிய கறுப்புத் தாள்
பாதிக் கண்ணாடியை விழவிடாமல் பிடித்திருந்தது.
விரிசல்கள் எல்லாம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டிருந்தன.
அந்த இடத்தில் மட்டும் பெரிய துண்டுகள் இரண்டு,
வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல.
நடுவே, கடுகுக்குக் கடுகாய்,
ஒரு புள்ளி.

மொரட்டுவையில் நுணுக்குக்காட்டியின் கீழ்
அது மஞ்சளாய், சொரசொரப்பாய், உருண்டையாய் இருந்தது.
நிக்கலும் கந்தகமும்.
மண்ணில் விளைந்தால் அதற்கு மில்லரைட் என்று பெயர்:
வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில்,
அயோவாவின் சுண்ணாம்புக்கல் பொந்துகளில்,
சீப்பில் சிக்கிய பித்தளை மயிர்போலக் கிடைக்குமாம்.
கிடைக்கும் இடங்களின் பட்டியல் நீளம்.
அதன் அடியில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
கொழும்பு இரண்டு. பதினேழாம் மாடி. கிழக்குச் சுவர்.

உலையின் சூட்டில் அது ஒடுங்கியிருந்தது.
கண்ணாடியை வலுவாக்கவென்று
சட்டென்று குளிர்காற்று அடித்தார்கள்.
மற்றதெல்லாம் இறுகியது.
புள்ளிக்கு மட்டும் பழைய உருவுக்குத் திரும்ப
நேரம் போதவில்லை.
பிறகு ஆறு வருடம்.
உள்ளே யாரோ சம்பள உயர்வு கேட்டார்கள்,
யாரோ நெற்றியைச் சாய்த்து வாவியைப் பார்த்தார்கள்,
வெசாக் வெளிச்சம் ஆறு தரம் வந்து போனது.
அது நூற்றுக்கு நாலு வீதம்
பருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அறிக்கை கொடுத்தேன்.
கழிவு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்தது.
முதல் மாதம் வெட்டிய காசைப் பற்றி
அந்த வரியில் எதுவுமில்லை.

நோபேட்டுக்குப் படத்தைக் காட்டினேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.
"இதுவா?" என்றான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"ஒரே லொறியில வந்தது மிஸ், எல்லாம்.
மற்ற நாநூற்றுப் பன்னிரண்டுக்குள்ளயும்
எத்தனை இருக்கு?"

என்னிடம் அந்தக் கணக்கு இல்லை.

வியாழக்கிழமை வாவிக்கரையில் நின்று அண்ணாந்தேன்.
பதினெட்டாம் மாடியில் கயிற்றில் இருந்தான்,
வாளியை இடுப்போடு இறுக்கிக் கட்டி.
ஒரு கையால் துடைத்தான்.
மற்றக் கையைக் கண்ணாடியில் வைத்திருந்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.