ஊதச் சொன்னார்கள்

நீடாமங்கலம் கேட்டுக்கு இந்தப் பக்கம்
நெல் லாரி மைல்கல்லில் ஏறி நின்ற இரவு
போலீஸ்காரர் குழாய் நீட்டினார்.
இவர் ஊதினார்.
பூஜ்யம்.
'குடிக்காமலேயா இப்படி?'
அவருக்கே ஏமாற்றம்.

இன்று தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி.
'வைரக்கண்ணு யாரு?'
இன்னொரு குழாய்.
மூச்சை வைத்தே
தூக்கத்தின் கோளாறைச் சலித்துப் பார்ப்பார்களாம்,
மிச்சம் அப்புறமாம்.

எனக்குத் தெரியாததா.
முறைத் தண்ணீர் மாதிரிதான் வரும் இவர் மூச்சு.
குறட்டைக்கு நான் விழிப்பதில்லை,
அது நின்றால் விழிப்பேன்.
இருட்டில் எண்ணுவேன், மதகு திறக்கும்வரை.
கைவிரல் தீர்ந்து
கால்விரலுக்குப் போன இரவும் உண்டு.

'நிறுத்தாம ஊதுங்க ஐயா,
நிறுத்தாம'
என்கிறாள் அந்தப் பெண்.

பகலில் நிறுத்தமாட்டார், தாயி.